ஒரே ரவுட்டர்ல அஞ்சு பப்ளிக் ஐபி: மலை மேல லீஸ் லைன் எடுத்தவங்களுக்கு

கோத்தகிரி, குன்னூர் பக்கம் இப்போ டீ ஃபேக்டரி, ஹோம்ஸ்டே, ஸ்கூல்னு நிறைய பேர் லீஸ் லைனோ (நமக்குன்னே தனியா ஒதுக்கற நெட் லைன்) பிசினஸ் ஃபைபரோ எடுக்கறாங்க, கூடவே ஸ்டேடிக் ஐபி, அதாவது மாறாத பப்ளிக் ஐபி, அஞ்சு தர்றோம்னு அடுத்தடுத்த நம்பரா ஒரு பிளாக்கும் வருது. ஆனா நான் போய் பார்க்கற பல இடத்துல முதல் ஐபி மட்டும் ரவுட்டர்ல போட்டிருக்கு, மீதி நாலும் மாசாமாசம் காசு கட்டியும் சும்மா கிடக்குது. கேட்டா "போட்டு பார்த்தோம்ங்க, வரல, விட்டுட்டோம்"ங்கறாங்க. ஏன் வரலன்னா பெரும்பாலும் ரெண்டே காரணம்தான். ஒண்ணு, அந்த பிளாக் எந்த விதத்துல நம்ம கிட்ட வந்து சேருதுன்னு கேக்காமலே செட்டிங் போட ஆரம்பிச்சிடறது. ரெண்டு, உள்ள வர்ற டிராஃபிக்குக்கு மட்டும் ரூல் போட்டுட்டு வெளிய போறதுக்கு போடாம விடறது. இந்த ரெண்டையும் சரியா பண்ணிட்டா மீதி எல்லாம் அரை நாள் வேலை.

மைக்ரோடிக் ரவுட்டர வெச்சு சொல்றேன், ஏன்னா இங்க அதுதான் நிறைய ஓடுது, விலையும் கட்டுப்படி ஆகுது. பிஎஃப்சென்ஸ்ங்கற ஃபயர்வால் சாஃப்ட்வேர் வெச்சிருக்கறவங்களுக்கும் நடுவுல சொல்லியிருக்கேன்.

முதல்ல உங்களுக்கு இது தேவையான்னு பாருங்க. ஒரு கேமரா, ஒரு சர்வர், ரெண்டும் வேற வேற போர்ட்ல ஓடுதுன்னா ஒரே ஐபில போர்ட் ஃபார்வர்ட் (எந்த போர்ட்ல வருதோ அத வெச்சு உள்ள இருக்கற மெஷினுக்கு திருப்பி விடறது) பண்ணாலே போதும், அஞ்சு ஐபிக்கு காசு கட்ட வேண்டியதில்ல. நிறைய ஐபி எப்போ வேணும்னா, ரெண்டு மெஷினும் 443 போர்ட்லதான் ஓடியாகணும்ங்கற போது, சொந்தமா மெயில் சர்வர் வெச்சிருக்கும்போது, இந்த ஐபில இருந்து வந்தா மட்டும்தான் உள்ள விடுவோம்னு கோயம்புத்தூர்ல இருக்கற ஹெட் ஆபீசோ பேங்கோ சொல்லும்போது, அப்புறம் கெஸ்ட் வைஃபைய ஆபீஸ் ஐபில இருந்து பிரிக்கணும்ங்கற போது. கடைசியா சொன்னது எஸ்டேட் பங்களாவ ஹோம்ஸ்டேவா விட்டவங்களுக்கு ரொம்ப முக்கியம். சீசன்ல வர்ற விருந்தாளி லேப்டாப்ல வைரஸ் இருந்து அது ஸ்பேம் அனுப்பிச்சுன்னா பிளாக்லிஸ்ட்ல போறது உங்க ஆபீஸ் ஐபி, அப்புறம் டீ புரோக்கருக்கு போடற மெயில் எல்லாம் ஸ்பேம் ஃபோல்டர்ல விழும்.

இன்னொண்ணு, ரவுட்டரோட வேன்ல (WAN, அதாவது வெளி லைன் வர்ற பக்கம்) வந்திருக்கற ஐபி 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா அது பப்ளிக் ஐபியே இல்ல, சிஜிநேட், அதாவது நெட் கம்பெனி ஒரு பப்ளிக் ஐபிய பல பேருக்கு பகிர்ந்து விடற முறை. அப்போ பெரும்பாலும் ஸ்டேடிக் பிளாக் இன்னும் உங்க லைனுக்கு வரவே இல்லன்னு அர்த்தம், கீழ இருக்கறத எதையும் தொடாம முதல்ல நெட் கம்பெனிக்கு போன் போடுங்க.

சரி, போன்ல என்ன கேக்கணும்?

பிளாக் நம்பர், மாஸ்க், கேட்வே, இத எல்லாரும் கேப்பாங்க. கேக்காம விடற கேள்வி இதுதான்: "இந்த பிளாக் நேரா என் வேன் போர்ட்லயே இருக்கா, இல்ல வேற ஒரு வேன் ஐபிக்கு ரவுட் பண்ணி அனுப்பறீங்களா?" போன் எடுக்கறவருக்கு புரியலன்னா நெட்வொர்க் டீம்ல இருந்து மெயில்ல பதில் கேளுங்க, வாய்ச்சொல்ல நம்பி செட்டிங் போடாதீங்க. கூடவே விலான் (ஒரே கேபிள்ல தனியா பிரிச்ச நெட்வொர்க்) நம்பர் இருக்கா, பிபிபிஓஈ (பாஸ்வேர்ட் போட்டு லைன்ல லாகின் ஆகற முறை) யூசர் பாஸ்வேர்ட் இருக்கா, மேக் அட்ரஸ் (பெட்டியோட சொந்த அடையாள எண்) பைண்ட் பண்ணியிருக்காங்களா, மெயில் சர்வர் வெக்கறதா இருந்தா ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபிய வெச்சு அதோட பேர சொல்ற பதிவு) போட்டுத் தருவாங்களா, இதையும் அதே மெயில்ல கேட்டு வாங்கிடுங்க.

முதல் வகை இப்படி இருக்கும். உதாரணம் எழுதறதுக்காகவே ஒதுக்கி வெச்சிருக்கற நம்பர்ல சொல்றேன், உங்க நம்பர மாத்தி போட்டுக்கோங்க. பிளாக் 203.0.113.8/29, அதாவது மாஸ்க் 255.255.255.248. மொத்தம் 8 நம்பர், .8ல இருந்து .15 வரைக்கும். .8 நெட்வொர்க், .15 பிராட்காஸ்ட், .9 நெட் கம்பெனியோட கேட்வே. உங்களுக்கு மிஞ்சறது .10 முதல் .14 வரைக்கும் அஞ்சு. இதுல கேட்வேயும் உங்க ஐபியும் ஒரே சப்நெட்ல (ஒரே நம்பர் கூட்டத்துல) இருக்கு.

ரெண்டாவது வகைல வேனுக்கு தனியா ஒரு சின்ன /30 தருவாங்க, உதாரணத்துக்கு உங்க பக்கம் 198.51.100.2, அவங்க பக்கம் 198.51.100.1. அந்த /29 பிளாக் மொத்தமும் 198.51.100.2க்கு ரவுட் ஆகி வரும். பிபிபிஓஈல ஸ்டேடிக் பிளாக் தர்றதும் பெரும்பாலும் இந்த மாதிரிதான்.

வித்தியாசம் எங்கன்னா ஏஆர்பில, அதாவது ஒரு ஐபி எந்த பெட்டிகிட்ட இருக்குன்னு கேட்டு தெரிஞ்சுக்கற முறைல. முதல் வகைல .11க்கு ஒரு பாக்கெட் வந்தா நெட் கம்பெனி ரவுட்டர் "203.0.113.11 யாருப்பா?"ன்னு தெருவுல நின்னு கூப்பிடற போஸ்ட்மேன் மாதிரி கூப்பிடும், உங்க ரவுட்டர் "நான்தான்"னு குரல் கொடுக்கணும். கொடுக்கலன்னா நேட் ரூல் (பப்ளிக் ஐபியையும் உள் ஐபியையும் ஒண்ணுக்கு ஒண்ணு மாத்தி விடற ரூல்) எவ்வளவு அழகா எழுதியிருந்தாலும் பாக்கெட் உங்க வாசலுக்கே வராது. "போட்டு பார்த்தோம் வரல"ங்கற கேஸ்ல பாதிக்கு மேல இதுதான். ரெண்டாவது வகைல அந்த கேள்வியே இல்ல, எல்லா பாக்கெட்டும் தானா உங்க வேனுக்கு வந்திடும்.

அடுத்து, நெட் கம்பெனி கொடுத்த பெட்டி. வீட்டு ஃபைபர் கூட வர்ற ஓஎன்டி ரவுட்டர்ல (ஃபைபர் வந்து சேர்ற பெட்டி) பல மாடல்ல ஒரு வேன் ஐபிதான் போட இடம் இருக்கும். அத பிரிட்ஜ் மோட்ல (தான் ரவுட்டர் வேலை பண்ணாம வர்றத அப்படியே கடத்தி விடறது) போட சொல்லுங்க, அவங்கதான் மாத்தி தரணும்னா டிக்கெட் போடுங்க. பிரிட்ஜ்ல போட்டு அதோட லேன் போர்ட்ல இருந்து ஒரு கேபிள் மைக்ரோடிக்கோட ஈதர்1க்கு. லீஸ் லைன்னா மீடியா கன்வர்ட்டர்ல இருந்து நேரா வரும், அங்க இந்த தொல்லை இல்ல.

இனி செட்டிங். தொடறதுக்கு முன்னாடி மைக்ரோடிக்கோட செட்டிங் புரோகிராமான வின்பாக்ஸ்ல மேல இருக்கற சேஃப் மோட் பட்டன அழுத்துங்க. தப்பா ஏதாவது போட்டு கனெக்ஷன் அறுந்தா ரவுட்டர் தானா பழைய நிலைக்கு திரும்பிடும். குன்னூர்ல உக்காந்து கூடலூர்ல இருக்கற ரவுட்டர ரிமோட்ல மாத்தறவங்களுக்கு இத விட பெரிய உதவி எதுவும் கிடையாது, ஒரு தப்பு ரூலுக்காக நடுவட்டம் இறக்கம் முழுக்க வண்டி ஓட்டிட்டு போக வேண்டாம். எல்லாம் சரியா ஓடுதுன்னு தெரிஞ்சதும் மறக்காம சேஃப் மோட ஆஃப் பண்ணிட்டு வெளிய வாங்க, இல்லன்னா போட்ட வேலை எல்லாம் போயிடும்.

எந்த ஐபி எதுக்குன்னு முதல்ல ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. ஒரு டீ ஃபேக்டரியும் பக்கத்துலயே ஒரு பங்களாவும் இருக்குன்னு வெச்சுக்குவோம்:

.10 – ரவுட்டர், ஆபீஸ் நெட் (உள்ள 192.168.10.0/24)
.11 – பச்சை இலை கணக்கு ஓடற வெப் சர்வர் (உள்ள 192.168.20.5)
.12 – சிசிடிவி என்விஆர், கேமரா பதிவு பெட்டி (உள்ள 192.168.20.6)
.13 – பங்களா கெஸ்ட் வைஃபை (உள்ள 192.168.30.0/24)
.14 – காலி, பின்னாடி தேவைப்படும்

ஐபி மெனுல டிஎச்சிபி கிளையன்ட் போய் ஈதர்1ல இருக்கறத எடுத்துடுங்க. அப்புறம் ஐபி, அட்ரஸஸ். முதல்ல 203.0.113.10/29ன்னு போட்டு இன்டர்ஃபேஸ் ஈதர்1 குடுங்க. அடுத்தடுத்து .11, .12, .13 மூணையும் அதே ஈதர்1ல சேருங்க, ஆனா இதுக்கு /32ன்னு போடுங்க. எல்லாத்துக்கும் /29 போட்டாலும் ஓடும்தான், ஆனா ரவுட்டர் தன் சொந்த வேலைக்கு எந்த ஐபில இருந்து வெளிய போகும்ங்கறது குழப்பமாயிடும், /32 போட்டா அந்த குழப்பமே வராது, ஏஆர்பிக்கும் பதில் சொல்லிடும். அப்புறம் ஐபி, ரவுட்ஸ் போய் 0.0.0.0/0க்கு கேட்வே 203.0.113.9. இது ஒரு தடவதான், ஒவ்வொரு ஐபிக்கும் தனித்தனி கேட்வே எல்லாம் கிடையாது.

இப்போ நேட் எதையும் தொடாம ஒரு டெஸ்ட் பண்ணுங்க. போன்ல வைஃபைய ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டால இருந்து .10, .11, .12, .13 நாலையும் பிங் பண்ணுங்க. மைக்ரோடிக் கூட வர்ற டீஃபால்ட் ஃபயர்வால் பிங்க அனுமதிக்கும். நாலுக்கும் பதில் வந்தா ஏஆர்பி சரி, நெட் கம்பெனி பக்கமும் சரி, இனிமே வர்ற பிரச்சனை எல்லாம் உங்க ரூல்லதான். .10 மட்டும் வருது மத்தது வரலன்னா இங்கயே நில்லுங்க, மேல போகாதீங்க.

வராததுக்கு அடிக்கடி இருக்கற காரணம், அந்த ஐபி முன்னாடி வேற பெட்டில இருந்திருக்கும். நெட் கம்பெனி ரவுட்டர் பழைய பெட்டியோட மேக் அட்ரஸ ஞாபகம் வெச்சிருக்கும். சிஸ்கோ ரவுட்டர்ல டீஃபால்ட்டா அந்த ஞாபகம் 4 மணி நேரம் இருக்கும், அதனாலதான் சாயங்காலம் வரைக்கும் வராதது ராத்திரி தானா வர்றது. காத்திருக்க முடியாதுன்னா நெட் கம்பெனிகிட்ட ஏஆர்பி கிளியர் பண்ண சொல்லுங்க. சந்தேகமா இருந்தா டூல்ஸ்ல பாக்கெட் ஸ்னிஃபர ஈதர்1ல ஓட விட்டு வெளிய இருந்து .11க்கு பிங் அடிங்க. ஏஆர்பி கேள்வியாவது பிங் பாக்கெட்டாவது வருதான்னு பாருங்க, ரெண்டும் வரலன்னா கோளாறு உங்க பக்கம் இல்ல, அந்த ஸ்கிரீன் ஷாட்டையே டிக்கெட்ல போட்டு அனுப்புங்க.

இனி நேட். ஐபி, ஃபயர்வால், நேட் டேப். டீஃபால்ட்டா ஒரு மாஸ்கரேட் ரூல் இருக்கும், வேன் வழியா போற எல்லாத்தையும் ஒரே ஐபில அனுப்பறது. ஒரு ஐபி இருக்கும்போது அது போதும். நிறைய ஐபி இருக்கும்போது எது எந்த ஐபில போகணும்னு நாமதான் சொல்லணும், அதுக்கு மாஸ்கரேட் இல்ல, சோர்ஸ் நேட், அதாவது வெளிய போற பாக்கெட்ல அனுப்பற ஐபிய நாம சொன்னதா மாத்தறது.

வெப் சர்வருக்கு ரெண்டு ரூல் ஜோடியா போடுங்க. உள்ள வர்றதுக்கு: செயின் டெஸ்டினேஷன் நேட், டெஸ்டினேஷன் அட்ரஸ் 203.0.113.11, டிசிபி, போர்ட் 443, ஆக்ஷன் டெஸ்டினேஷன் நேட், டூ அட்ரஸஸ் 192.168.20.5. வெளிய போறதுக்கு: செயின் சோர்ஸ் நேட், சோர்ஸ் அட்ரஸ் 192.168.20.5, அவுட் இன்டர்ஃபேஸ் ஈதர்1, ஆக்ஷன் சோர்ஸ் நேட், டூ அட்ரஸஸ் 203.0.113.11. ரெண்டாவது ரூல் இல்லன்னா என்ன ஆகும்னா, வெளிய இருந்து வந்த கனெக்ஷனுக்கு பதில் .11லயே போகும், அதுல குறை தெரியாது, ஆனா சர்வர் தானா ஆரம்பிச்சு வெளிய போற எல்லாம் .10லதான் போகும். பேங்க்ல .11அ வைட்லிஸ்ட்ல போட சொல்லிட்டு "இன்னும் பிளாக் ஆகுது"ன்னு அவங்க கூட சண்டை போட்டுட்டு இருப்பீங்க, அங்க போய் நிக்கறது .10. மெயில் சர்வர்லயும் இதே கதை, ரிவர்ஸ் டிஎன்எஸ் .11ல இருக்கும், மெயில் .10ல இருந்து போகும், போற இடத்துல திருப்பி அடிக்கும்.

கெஸ்டுக்கு உள்ள வர்ற ரூல் வேண்டாம், வெளிய போறது மட்டும்: சோர்ஸ் அட்ரஸ் 192.168.30.0/24, அவுட் இன்டர்ஃபேஸ் ஈதர்1, டூ அட்ரஸஸ் .13. ஆபீஸ் நெட்டுக்கும் அதே மாதிரி .10. இந்த சோர்ஸ் நேட் ரூல் எல்லாம் மாஸ்கரேட்டுக்கு மேல இருக்கணும், ஏன்னா ரூல் மேல இருந்து கீழதான் பார்க்கும், முதல்ல எது பொருந்துதோ அதோட முடிஞ்சுது. மாஸ்கரேட் ரூல் கடைசியா கிடக்கட்டும், அழிக்காதீங்க, பேக்கப் லைனுக்கு அது வேணும், பின்னாடி சொல்றேன்.

ரூல் மாத்தினதும் உடனே டெஸ்ட் பண்ணிட்டு "மாறவே இல்லையே"ன்னு பதறாதீங்க. நேட் ரூல் புது கனெக்ஷனுக்குத்தான் பொருந்தும், ஏற்கனவே ஓடிட்டு இருக்கற கனெக்ஷன் பழைய ஐபிலயே ஓடும். ஃபயர்வால்ல கனெக்ஷன்ஸ் டேப் போய் அந்த மெஷினோட கனெக்ஷன்கள அழிச்சிட்டு பாருங்க.

என்விஆர் விஷயத்துல கொஞ்சம் நிக்கணும். கேமரா, டிவிஆர் எல்லாத்தையும் நெட்ல திறந்து வெச்சதாலதான் 2016ல மிராய்ங்கற பாட்நெட் லட்சக்கணக்கான பெட்டிகள பிடிச்சு, அந்த அக்டோபர்ல டைன்ங்கற டிஎன்எஸ் கம்பெனியையே முடக்கினாங்க. ஃபேக்டரி பாஸ்வேர்ட மாத்தாம விட்டதுதான் அதுக்கு வழி. அதனால .12ல 443அ உலகத்துக்கே திறக்காதீங்க. முதலாளி கோயம்புத்தூர் ஆபீஸ்ல இருந்து ட்ரஃப்ல இலை வாடறத பார்க்கணும்னு கேக்கறாரா, அந்த ஆபீஸ்ல ஸ்டேடிக் ஐபி இருந்தா அத ஒரு அட்ரஸ் லிஸ்ட்ல போட்டு, டெஸ்டினேஷன் நேட் ரூல்ல சோர்ஸ் அட்ரஸ் லிஸ்ட்டா அத குடுத்திடுங்க. லிஸ்ட்ல இல்லாதவங்க வந்தா அந்த ரூல் பொருந்தாது, பாக்கெட் ரவுட்டரோட இன்புட் செயினுக்கு (ரவுட்டருக்கே வர்றத சோதிக்கற ரூல் வரிசை) போய் அங்க டிராப் ஆகும். வீட்ல இருந்து போன்ல பார்க்கணும்னா ஏழாவது வெர்ஷன் ரவுட்டர்ஓஎஸ்ல வயர்கார்ட் விபிஎன் இருக்கு, அத போட்டு குடுங்க. டேலி மெஷினோட ரிமோட் டெஸ்க்டாப் 3389அயும் எந்த ஐபிலயும் நேரா திறக்கவே கூடாது, அதுவும் விபிஎன் வழியாத்தான்.

இதே காரணத்துக்காக 1க்கு 1 நேட், அதாவது ஒரு பப்ளிக் ஐபியோட எல்லா போர்ட்டையும் ஒரு மெஷினுக்கு திருப்பி விடறது, எனக்கு பிடிக்காது. டீஃபால்ட் ஃபயர்வால்ல ஃபார்வர்ட் செயின் (ரவுட்டர தாண்டி போறத சோதிக்கற ரூல் வரிசை) கடைசில "வேன்ல இருந்து வர்றதுல டெஸ்டினேஷன் நேட் ஆகாததெல்லாம் டிராப்"னு ஒரு ரூல் இருக்கு. அதாவது டெஸ்டினேஷன் நேட் ஆன எதுவும் தடையில்லாம உள்ள போயிடும். போர்ட் சொல்லாம நேட் போட்டா அந்த மெஷினோட எல்லா போர்ட்டும் ரோட்ல நிக்கும். போர்ட் போட்டு எழுதுங்க, நாலு ரூல் கூட ஆனாலும் பரவால்ல.

இன்புட் செயினையும் பாருங்க. நீங்க சேர்த்த .11, .12, .13 எல்லாமே ரவுட்டரோட சொந்த ஐபிதான், நேட்ல பொருந்தாத பாக்கெட் எல்லாம் ரவுட்டர் கதவையே தட்டும். டீஃபால்ட்ல "லேன்ல இருந்து வராததெல்லாம் டிராப்"னு இருக்கும், அத யாராவது எடுத்து விட்டிருந்தா வின்பாக்ஸோட 8291 போர்ட் நாலு ஐபிலயும் திறந்து கிடக்கும். 2018ல அந்த வின்பாக்ஸ் ஓட்டை வழியா உலகம் முழுக்க எவ்வளவோ மைக்ரோடிக் போச்சு, அப்டேட் போடாம விட்டதுதான். ரவுட்டர்ஓஎஸ் அப்டேட்ட தள்ளிப் போடாதீங்க.

கெஸ்ட் விலான லேன் லிஸ்ட்ல (நம்ம உள் பக்கம்னு ரவுட்டர் நம்பற பட்டியல்) சேர்க்காதீங்க, சேர்த்தா விருந்தாளி போன்ல இருந்தே உங்க ரவுட்டர் லாகின் பேஜ் திறக்கும். சேர்க்கலன்னா டிஎன்எஸ் போகாது, அதுக்கு அந்த விலான்ல இருந்து வர்ற 53க்கு மட்டும் இன்புட்ல அனுமதி குடுத்து அந்த ரூல டிராப்புக்கு மேல வெச்சிடுங்க. ஃபார்வர்ட்ல கெஸ்ட் விலான்ல இருந்து 192.168.0.0/16க்கு போறத டிராப். கெஸ்ட்ல இருந்து வெளிய போற டிசிபி 25அயும் டிராப், எந்த விருந்தாளிக்கும் அந்த போர்ட் தேவைப்படாது, ஸ்பேம் வைரஸுக்குத்தான் வேணும். கெஸ்டுக்கு ஸ்பீட் லிமிட் போடணும்னு சிம்பிள் க்யூ போட்டு அது வேலை செய்யலன்னா ஃபாஸ்ட்டிராக் ரூல் (பாக்கெட்ட வேகத்துக்காக குறுக்கு வழில அனுப்பறது) அத தாண்டி போகுதுன்னு அர்த்தம், கெஸ்ட் நெட்ட அந்த ரூல்ல இருந்து விலக்குங்க.

உள்ள ஆபீஸ்ல உக்காந்துட்டு 203.0.113.11ன்னு அடிச்சா சர்வர் வரல, வெளிய இருந்து வருதுன்னு நிறைய பேர் கேக்கறாங்க. ஆபீஸும் சர்வரும் ஒரே சப்நெட்ல இருந்தா அப்படித்தான் ஆகும், சர்வர் ரவுட்டர விட்டுட்டு நேரா ஆபீஸ் மெஷினுக்கு பதில் போடும், அது "உன்கிட்ட நான் பேசவே இல்லையே"ன்னு தூக்கி போட்டுடும். நம்ம பிளான்ல ஆபீஸ் 10ல, சர்வர் 20ல, வேற வேற சப்நெட், அதனால பதில் ரவுட்டர் வழியாத்தான் வரும், டெஸ்டினேஷன் நேட் ரூல்ல இன் இன்டர்ஃபேஸ் ஈதர்1ன்னு போடாம இருந்தாலே போதும். ஒரே சப்நெட்தான்னா உள் டிஎன்எஸ்ல சர்வரோட பேருக்கு 192.168.20.5ன்னு ஒரு ஸ்டேடிக் என்ட்ரி போட்டு, ஐபிக்கு பதிலா அந்த பேர அடிக்க சொல்லுங்க, ஹேர்பின் நேட் (உள்ள இருந்து வந்தத ரவுட்டரே திருப்பி உள்ள விடறது) எழுதறத விட சுலபம்.

உள்ள வரலன்னா எங்க தேடறதுன்னு ஒரு வழி. நேட் ரூல் பக்கத்துல பாக்கெட் கவுன்ட்டர் இருக்கு. வெளிய இருந்து ஒரு தடவ முயற்சி பண்ணிட்டு அந்த நம்பர் ஏறுதான்னு பாருங்க. ஏறலன்னா பாக்கெட் வரல, இல்ல ரூல்ல ஐபியோ போர்ட்டோ தப்பு. ஏறுது ஆனா பக்கம் திறக்கலன்னா ரவுட்டர் தன் வேலைய பண்ணிடுச்சு, கோளாறு அந்த மெஷின்ல. என்விஆர் மெனுல நெட்வொர்க் போய் கேட்வே பாருங்க, பழைய ரவுட்டரோட 192.168.1.1 இன்னும் அப்படியே உக்காந்திருக்கும். உள்ள இருந்து பார்த்தா நல்லா தெரியும், ஏன்னா அதே சப்நெட்டுக்கு கேட்வே தேவையில்ல, வெளிய இருந்து வந்தா மட்டும் பதில் திரும்ப வழி தெரியாம நிக்கும். அடுத்த சந்தேகம் விண்டோஸ் ஃபயர்வால்.

ரவுட் ஆகி வர்ற பிளாக் வெச்சிருக்கறவங்களுக்கு. ஈதர்1ல 198.51.100.2/30, கேட்வே 198.51.100.1. நேட் ரூல் எல்லாம் மேல சொன்ன அதேதான். இங்க கேட்வே, பிராட்காஸ்ட்டுன்னு எதுவும் வீணாகாது, நேட்ல போட்டா 8 நம்பரையும் பயன்படுத்தலாம். ஆனா ஒரு விஷயம் கண்டிப்பா பண்ணுங்க: ரவுட்ஸ்ல 203.0.113.8/29க்கு ஒரு பிளாக்ஹோல் ரவுட், அதாவது வர்றத அங்கயே தூக்கி போடற ரவுட். அது இல்லன்னா நீங்க பயன்படுத்தாத நம்பருக்கு யாராவது ஸ்கேன் பண்ணும்போது அந்த பாக்கெட் உங்ககிட்ட வரும், உங்களுக்கு தெரியாத ஐபிங்கறதால டீஃபால்ட் ரவுட்ல திரும்ப நெட் கம்பெனிக்கு போகும், அவங்க திரும்ப உங்ககிட்ட தள்ளுவாங்க, டிடிஎல் (பாக்கெட்டோட ஆயுள் கணக்கு) தீர்ற வரைக்கும் பந்து மாதிரி ஓடி லைன நிரப்பும். பிபிபிஓஈன்னா ரூல் எல்லாத்துலயும் அவுட் இன்டர்ஃபேஸ் ஈதர்1 இல்ல, பிபிபிஓஈ இன்டர்ஃபேஸ் பேரு.

பிஎஃப்சென்ஸ்லயும் அதே மாதிரியான ஓபிஎன்சென்ஸ்லயும் மீதி ஐபிகள வர்ச்சுவல் ஐபின்னு சேர்க்கணும், பிஎஃப்சென்ஸ்ல அது ஃபயர்வால் மெனுல, ஓபிஎன்சென்ஸ்ல இன்டர்ஃபேசஸ் மெனுல இருக்கு, முதல் வகைக்கு ஐபி அலையஸ். வெளிய போறதுக்கு நேட்ல அவுட்பவுண்ட் போய் ஹைப்ரிட் மோட்ல வெச்சுட்டு ரூல் எழுதுங்க. அங்கயும் ஜோடியா யோசிக்கறது அதேதான்.

இப்போ நம்ம மலைக்கே உரிய ஒரு சிக்கல். ஆடி மழைலயோ ஐப்பசி மழைலயோ மரம் விழுந்து ஃபைபர் அறுந்தா ஓடறதுக்கு ஒரு 4ஜி பேக்கப் வெச்சிருப்பீங்க. டீஃபால்ட் ரவுட்ல செக் கேட்வே பிங்குன்னு போட்டு விட்டா நெட் கம்பெனி கேட்வே பதில் சொல்ற வரைக்கும் லைன் இருக்குன்னே ரவுட்டர் நினைக்கும். அந்த கேட்வே குன்னூர்லயே ஒரு எக்ஸ்சேஞ்ச்ல இருந்து, அறுந்தது கீழ பர்லியார் பக்கம்னா, கேட்வே நல்லா பிங் ஆகும், நெட் மட்டும் இருக்காது, பேக்கப்பும் ஏறாது. அதனால மலைக்கு கீழ இருக்கற ஒண்ண வெச்சு சோதிக்கணும். கூகுளோட டிஎன்எஸ் சர்வர் 8.8.8.8/32க்கு கேட்வே 203.0.113.9, ஸ்கோப் 10ன்னு ஒரு ரவுட். டீஃபால்ட் ரவுட்டோட கேட்வேய 8.8.8.8ன்னு மாத்தி, டார்கெட் ஸ்கோப் 11, செக் கேட்வே பிங், டிஸ்டன்ஸ் 1. இது ஏழாவது வெர்ஷனுக்கு. 4ஜி ரவுட்டுக்கு டிஸ்டன்ஸ் 2, நம்பர் கம்மியா இருக்கற ரவுட்டத்தான் ரவுட்டர் முதல்ல எடுக்கும். 4ஜி இன்டர்ஃபேஸ் வேன் லிஸ்ட்ல இருக்கான்னும் பாருங்க, அங்கதான் நாம அழிக்காம விட்ட மாஸ்கரேட் வேலை செய்யும். சோர்ஸ் நேட் ரூல்ல அவுட் இன்டர்ஃபேஸ் ஈதர்1ன்னு கட்டாயம் போட சொன்னதும் இதுக்குத்தான், அது இல்லன்னா 4ஜி வழியா போற பாக்கெட்லயும் 203.0.113 நம்பர ஒட்டி அனுப்பும், எதுவும் திரும்பி வராது.

பேக்கப்ல ஓடும்போது உங்க பப்ளிக் ஐபி எதுவும் கூட வராது, அது ஃபைபரோடவே போச்சு. வெளிய இருந்து சர்வர பார்க்கறவங்களுக்கு ஃபைபர் திரும்பற வரைக்கும் தெரியாது, இத முதலாளிகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க, மழை நாள்ல சொன்னா சாக்கு சொல்றோம்னு நினைப்பாங்க.

ஃபேக்டரிக்கும் பங்களாவுக்கும் நடுவுல காப்பர் லேன் கேபிள் இழுக்காதீங்க. சித்திரை வைகாசி இடி மழைல ஒரு மின்னல் பக்கத்துல விழுந்தா அந்த கேபிள் வழியா ரெண்டு பக்க சுவிட்சும் ரவுட்டர் போர்ட்டும் சேர்ந்து போகும். ஃபைபர் போட்டு ரெண்டு முனையிலயும் மீடியா கன்வர்ட்டர் வெச்சிடுங்க, உலோகக் கம்பி உள்ள ஓடாத கேபிளா பார்த்து வாங்குங்க. ரேக்குக்கு எர்த் சரியா இருக்கான்னு எலக்ட்ரீஷியன கூப்பிட்டு ஒரு தடவ பார்த்துடுங்க.

எல்லாம் முடிஞ்சதும் டெர்மினல்ல எக்ஸ்போர்ட் எடுத்து ஒரு ஃபைலா உங்க லேப்டாப்லயும் மெயில்லயும் வெச்சுக்கோங்க. பைனரி பேக்கப்பும் எடுக்கலாம், ஆனா அது அதே மாடல் ரவுட்டருக்குத்தான் ஒத்து வரும், மின்னல்ல போன பெட்டிக்கு பதிலா கைல கிடைக்கற வேற மாடல போடும்போது எக்ஸ்போர்ட் ஃபைல்தான் கை குடுக்கும், இன்டர்ஃபேஸ் பேர மட்டும் மாத்தி ஒவ்வொரு பகுதியா ஒட்டிக்கலாம். யூசர் பாஸ்வேர்ட் எக்ஸ்போர்ட்ல வராது, அத தனியா எழுதி வெக்கணும். அந்த ஐபி பிளான் பேப்பரையும், நெட் கம்பெனி சர்க்யூட் நம்பர், சப்போர்ட் போன் நம்பரோட சேர்த்து பிளாஸ்டிக் கவர்ல போட்டு ரேக் கதவு உள்பக்கம் ஒட்டிடுங்க. இங்க இருக்கற ஈரத்துல கவர் இல்லாத பேப்பர் ஒரு மழைக்காலத்துக்கு மேல தாங்காது.